வெள்ளைத் தூண் வீடுகளைப் பின்வாசலிலிருந்து பார்ப்போம்

அமெரிக்காவின் தென்மாநிலங்களைக் காட்டும் படங்களில் ஒரு வீடு தவறாமல் வரும். ஆளைச் சின்னதாக்கிவிடும் வெள்ளைத் தூண்கள், அகலமான தாழ்வாரம், முன்னால் பாசி தொங்கும் ஓக் மரங்கள். இந்த வகை வீட்டை அங்கே ‘ஆன்டிபெல்லம்’ வீடு என்பார்கள். கேட்டதும் ஏதோ ஒரு கட்டடப் பாணியின் பெயர் என்றுதான் தோன்றும். லத்தீனில் அதற்கு ‘போருக்கு முன்’ என்று பொருள், அவ்வளவுதான். எந்தப் போர்? அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களுக்கும் வடமாநிலங்களுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர். அதற்கு முன் கட்டியது என்பதைத் தாண்டி அந்தச் சொல் வீட்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தூணே இல்லாத செங்கல் வீடும் ஆன்டிபெல்லம்தான், இரண்டு அறை மரக்குடிசையும் ஆன்டிபெல்லம்தான்.

பொதுவாகப் பேசினால் இந்த விஷயம் பிடிபடாது. ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில், சுமார் 200 அடி உயர மண்மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் நாச்செஸ். இன்றைக்கு அங்கே ஏறக்குறைய 14,500 பேர் வசிக்கிறார்கள். நம் ஊர்க் கணக்கில் ஒரு பேரூராட்சி. ஆனால் போருக்கு முந்தைய பெரிய வீடுகள் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு முழுசாக நிற்கிற இடம் அமெரிக்காவில் அதிகம் கிடையாது. 1716-இல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டித் தொடங்கிய ஊர். பிறகு ஆங்கிலேயர் கைக்கு, அப்புறம் ஸ்பானியர் கைக்குப் போய், 1798-இல் அமெரிக்காவிடம் வந்தது. ஊரின் பெயர் அங்கே முன்பே வாழ்ந்த நாச்செஸ் பழங்குடியினருடையது.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை ஒதுக்கிவிடலாம். இந்த வீடுகளைப் பார்த்ததும் சுற்றிலும் பருத்திக் காடு இருந்திருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். நாச்செஸின் பெரிய வீடுகள் பெரும்பாலும் அப்படிப்பட்டவை அல்ல. பருத்தி விளைந்தது ஆற்றுக்கு அக்கரையில், லூசியானா பக்கத்துத் தாழ்நிலத்தில். அது வண்டல் மண், வெள்ளமும் காய்ச்சலும் மாறி மாறி வரும் இடம். அங்கே வேலை செய்தவர்கள் அடிமைகளும் மேற்பார்வையாளர்களும். முதலாளி இக்கரையில், காற்றோட்டமான மேட்டில், தோட்டம் சூழ வீடு கட்டிக்கொண்டார். அதாவது இவை பண்ணை வீடுகளே அல்ல, பண்ணையின் லாபத்தில் எழுந்த ஊர் வீடுகள்.

சரி, ஒரு வீட்டின் முன் நிற்கிறோம். அது எந்தக் காலத்தது என்று எப்படி ஊகிப்பது?

என்னைக் கேட்டால் தூணை விட்டுவிட்டு வாசற்கதவின் மேலே பார்க்கச் சொல்வேன். கதவுக்கு மேல் விசிறி விரித்தது போல அரைவட்டக் கண்ணாடி இருந்தால், வீடு பெரும்பாலும் 1800-ஐ ஒட்டிய சில பத்தாண்டுகளைச் சேர்ந்தது. சிவப்புச் செங்கல், மெல்லிய வேலைப்பாடு, அளவோடு அலங்காரம். இதை ஃபெடரல் பாணி என்கிறார்கள். அரைவட்டம் போய், கதவின் மேலும் பக்கங்களிலும் நேர்க்கோட்டில் சதுரச் சதுரமாகக் கண்ணாடி வந்துவிட்டால் 1830, 1840-களின் கிரேக்க மறுமலர்ச்சிப் பாணி. எல்லாம் கனமாக, நேராக, கோயில் முகப்பு போல இருக்கும். கூரை விளிம்புக்குக் கீழே வளைந்த மரத்தாங்கிகள் வரிசையாகத் தெரிந்து, ஜன்னல் தலைகளும் வளைந்து, வார்ப்பிரும்புக் கிராதியும் சேர்ந்தால் 1850-களில் பரவிய இத்தாலியப் பாணி. உண்மையான வீடுகள் இந்த வரிசைக்கு ஒழுங்காகக் கட்டுப்படுவதில்லை. பணம் இருப்பவன் எல்லாவற்றிலும் கொஞ்சம் கேட்பான். கட்டுகிறவரும் கொடுத்துவிடுவார்.

தூணுக்கு வந்தால், அதன் தலையைப் பார்க்க வேண்டும். நம் கோயில் தூண்களில் போதிகை இருக்கும் இடம். அங்கே வெறும் வளையமும் தட்டைப் பலகையும் மட்டும் இருந்தால் டோரிக். இருபுறமும் கடாக்கொம்பு போலச் சுருண்டிருந்தால் அயோனிக். இலைகள் அடுக்கடுக்காக விரிந்தால் கொரிந்தியன். மூன்றும் பழைய கிரேக்கக் கோயில்களிலிருந்து வந்தவை.

நாச்செஸில் இந்தத் தூண் மோகத்தை ஆரம்பித்து வைத்த வீடு ‘ஆபர்ன்’. 1812-இல் கட்டப்பட்டது. கட்டியவர் லெவி வீக்ஸ் என்ற தச்சர். அவருடைய கதையைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை. 1800-இல் நியூயார்க்கில் ஓர் இளம்பெண்ணின் உடல் கிணற்றில் கிடைத்தது. கொலைப்பழி வீக்ஸ் மேல் விழுந்தது. அவருக்காக வாதாடியவர்களில் இருவர் அமெரிக்காவின் முதல் நிதி அமைச்சராக இருந்த அலெக்சாண்டர் ஹாமில்டனும், அடுத்த வருஷம் துணை அதிபரான ஆரன் பர்ரும். நாலு வருஷம் கழித்துத் துப்பாக்கிச் சண்டையில் ஹாமில்டனைச் சுட்டுக்கொன்றாரே, அதே பர். நீதிமன்றம் வீக்ஸை விடுவித்தது, ஊர் விடவில்லை. அவர் கிளம்பிக் கடைசியில் நாச்செஸ் வந்து சேர்ந்தார். இந்தப் பிரதேசத்தில் தூண் இலக்கணப்படி கட்ட முயன்ற முதல் வீடு இதுதான் என்று பெருமையாகக் கடிதம் எழுதினார். அந்த இலக்கணத்திலும் கலப்படம் உண்டு: தூண் அயோனிக், அது தாங்கும் மேல்பகுதி கொரிந்தியன்.

கிரேக்கக் கோயில் ஏன் பருத்தி வியாபாரியின் வீடானது? புதிதாகப் பிறந்த குடியரசு தன்னை ஏதென்ஸின் வாரிசாக நினைத்துக்கொண்டது ஒரு காரணம். 1821-இல் கிரேக்கர்கள் துருக்கிய ஆட்சியை எதிர்த்துக் கிளம்பியபோது அமெரிக்காவில் அவர்கள் மேல் பெரிய அனுதாபம் எழுந்தது. கூடவே, அளவுகளும் வரைபடங்களும் அச்சிட்ட கையேடுகள் மலிவாகக் கிடைத்தன. ஏதென்ஸைக் கண்ணால் பார்க்காத தச்சரும் அதைப் பார்த்து அச்சு அசலாக ஒரு முகப்பு எழுப்பலாம். தெற்குக்கு மட்டும் உரிய பாணியும் அல்ல இது. ஃபிலடெல்ஃபியாவின் வங்கியும் ஒஹையோவின் நீதிமன்றமும் அப்படித்தான் கட்டப்பட்டன. சுதந்திரத்தின் சின்னமாக இறக்குமதியான தூணை அடிமைகள் சுமந்த செங்கல்லால் எழுப்பினார்கள் என்பது தெற்கில் மட்டும் சேர்ந்துகொண்ட முரண்.

ஆமாம், செங்கல்தான். அந்தத் தூண்கள் கல்போலத் தெரிந்தாலும் பெரும்பாலும் கல் அல்ல. நாச்செஸ் நிற்கும் மேடு காற்று கொண்டுவந்து குவித்த நுண்மண். கட்டுவதற்குக் கல் கிடையாது. களிமண் உண்டு, சைப்ரஸ் மரம் உண்டு. ஆகவே செங்கல்லை உருளையாக அடுக்கிக் காரை பூசினார்கள், அல்லது மரப்பட்டிகளைப் பீப்பாய் போலச் சேர்த்து வெள்ளையடித்தார்கள். சுவரில் பூசிய காரையில் கோடு கீறிக் கல் அடுக்கியது போலக் காட்டுவதும் வழக்கம். உள்ளேயும் இதே விளையாட்டு. சாதாரண சைப்ரஸ் கதவில் ஓக் மரத்தின் ரேகைகளைத் தூரிகையால் வரைந்துவிடுவார்கள். இதை ஏமாற்று வேலை என்று அன்று யாரும் நினைக்கவில்லை. அதற்கென்றே கைதேர்ந்த ஓவியர்கள் இருந்தார்கள், கூலியும் குறைவில்லை.

இந்த வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்தது அலங்காரம் அல்ல, வெயிலைச் சமாளித்த விதம். நாச்செஸின் கோடைக்காலம் புழுக்கமானது. நடுவில் முன்வாசலிலிருந்து பின்வாசல் வரை ஒரே நேராக ஓடும் கூடம், இரண்டு பக்கமும் அறைகள். இரண்டு கதவையும் திறந்துவிட்டால் காற்று சுரங்கத்தில் போவது போலப் போகும். ‘ஸ்டான்டன் ஹால்’ என்ற வீட்டில் அந்தக் கூடம் 72 அடி நீளம். 14 அடிக்கும் மேல் உயர்ந்த கூரை சாதாரணம். சூடு மேலே போய்விடும், மனிதர்கள் கீழே இருப்பார்கள். தாழ்வாரம் வெயிலைச் சுவர்மேல் விழவிடாது. தரை வரை இறங்கும் ஜன்னல்கள் உண்டு. சிலவற்றில் கண்ணாடியை மேலே தள்ளி, கீழே இருக்கும் சின்னப் பலகைக் கதவுகளைத் திறந்தால் ஜன்னலே வாசலாகிவிடும். வெளியே மடிப்புப் பலகைக் கதவுகள்: வெளிச்சத்தைத் தடுக்கும், காற்றை விடும். ஏறக்குறைய எல்லாமே இயந்திரம் இல்லாத ஏற்பாடு.

ஏறக்குறைய என்று சொல்லக் காரணம், சில இடங்களில் ‘இயந்திரம்’ ஒரு சிறுவன்.

‘மெல்ரோஸ்’ என்ற வீட்டின் சாப்பாட்டு அறையில், மேசைக்கு மேலே கூரையிலிருந்து பெரிய மகாகனி மரப்பலகை ஒன்று தொங்குகிறது. அழகாகச் செதுக்கியது. அதில் கட்டிய கயிற்றை ஓர் அடிமைச் சிறுவன் அறையின் ஓரத்தில் நின்று இழுப்பான். பலகை ஆடும், ஈ விலகும், சாப்பிடுகிறவர்களுக்குக் காற்று வரும். அவர்கள் பேசுவதெல்லாம் அவன் காதில் விழும், அவன் அங்கே இல்லாதது போலவே பேசுவார்கள். இந்தப் பலகையின் பெயர் ‘பங்கா’. ஹிந்திச் சொல்லேதான். ஆங்கிலேயர் வழியாக இந்தியாவிலிருந்து கடல் கடந்து போனது. மதராஸ் மாகாணத்து அரசு அலுவலகங்களிலும் துரைமார் பங்களாக்களிலும் கயிற்றை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த பங்கா இழுப்பவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. நம் ஆட்களுக்குச் சொற்பக் கூலியாவது கிடைத்தது.

பங்காவைப் பார்த்த பிறகு முன்வாசலில் நிற்க முடியாது. பின்பக்கம் போக வேண்டியதுதான். சுற்றிக்காட்டும் வழிகாட்டிகள் நெடுங்காலம் அங்கே அழைத்துப் போனதில்லை. வீட்டின் உண்மையான வரைபடம் அங்கேதான் இருக்கிறது.

மெல்ரோஸ் 1840-களில் எழுந்தது. ஜான் மக்மரன் என்ற வழக்கறிஞருக்காகக் கட்டியது. பின்தாழ்வாரத்தில் வரிசையாக மணிகள் தொங்குகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஓசை வேறு. எந்த அறையில் கம்பியை இழுத்தார்கள் என்பதை ஓசையை வைத்தே தெரிந்துகொண்டு, அதற்குரியவர் ஓட வேண்டும். முற்றத்தின் இரு புறமும் இரண்டு மாடிச் செங்கல் கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று சமையல்கட்டு, மற்றொன்று பால், வெண்ணெய் வேலைக்கான கட்டு. சமையலைத் தனிக் கட்டடத்தில் வைத்தது தீ பயத்தாலும் சூட்டாலும். அவற்றின் மாடிகளில் வீட்டுவேலை செய்த அடிமைகள் படுத்தார்கள். முற்றத்தைப் பார்த்த பக்கத்தில் அவற்றுக்கும் தூண் வைத்திருக்கிறார்கள், பெரிய வீட்டின் ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணுக்கு லட்சணமாக இருக்க வேண்டுமே! கூரையில் விழும் மழைநீரைச் சேர்க்கும் தொட்டிகளும் அங்கேயே. இன்னும் தள்ளிப் போனால் மரக்குடில்கள். அவற்றுக்குத் தூண் இல்லை.

1860 மக்கள் கணக்குப்படி மிசிசிப்பி மாநிலத்தில் இருந்தவர்கள் சுமார் 7.91 லட்சம் பேர். அவர்களில் சுமார் 4.36 லட்சம் பேர் அடிமைகள், பாதிக்கும் மேல். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவர 1808-இலேயே தடை வந்துவிட்டது. அதற்கப்புறம் வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற பழைய மாநிலங்களிலிருந்து வாங்கி, சங்கிலியால் பிணைத்து நடத்தியோ கப்பலில் ஏற்றியோ தெற்கே கொண்டுவந்து விற்றார்கள். அப்படிப் பெயர்க்கப்பட்டவர்கள் சுமார் பத்து லட்சம் பேர். நாச்செஸின் கிழக்கு எல்லையில், இரண்டு சாலைகள் பிரியும் இடத்தில், அந்த வியாபாரத்தின் பெரிய சந்தைகளில் ஒன்று இருந்தது. பெயரே ‘சாலைப்பிரிவு’ என்ற பொருளில்தான். முன்பு ஊருக்குள்ளேயும் விற்றுக்கொண்டிருந்தார்கள். 1833-இல் காலரா பயம் வந்ததும் நகராட்சி வியாபாரிகளை எல்லைக்கு வெளியே தள்ளியது. நோய்க்கு மட்டும்தான் தடை, விற்பனைக்கு அல்ல. அங்கே ஏலம் விடுவது வழக்கமல்ல. துணிக்கடையில் புடவை பார்ப்பது போல வரிசையாக நிற்பவர்களைப் பார்த்து, கேள்வி கேட்டு, பேரம் பேசி வாங்கினார்கள். ஸ்டான்டன் ஹாலின் கூடத்துக்கும் இந்த இடத்துக்கும் தூரம் அதிகம் இல்லை.

இரண்டு பக்கத்திலும் சரியாக அடங்காத ஒரு வீடும் ஊருக்குள் இருக்கிறது. வில்லியம் ஜான்சன் அடிமையாகப் பிறந்தவர், சிறுவயதில் விடுதலை பெற்றவர், நாச்செஸில் பேர்போன முடிதிருத்துநர். 1840 மே மாதம் ஊரை ஒரு சூறாவளி புரட்டிப்போட்டது. 317 பேர் இறந்ததாகக் கணக்கு. அடுத்த வருஷம் ஜான்சன் தெருவை ஒட்டிச் செங்கல் வீடு கட்டி, கீழ்த்தளத்தை வாடகைக்கு விட்டு, மாடியில் குடும்பத்தோடு இருந்தார். அளவான முகப்பு, கோயில் தூண் எதுவும் கிடையாது. 1835 முதல் 1851 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு அந்த ஊரின் அன்றாடத்தை அப்படியே வைத்திருக்கிறது. அவரே சிலரை அடிமைகளாக வைத்திருந்தார் என்பதும் அதில் தெரிகிறது. 1851-இல் ஒரு நிலத்தகராறில் சுடப்பட்டு இறந்தார். சாட்சிகள் கறுப்பர்கள். சுட்டவர் தன்னை வெள்ளையர் என்று சொல்லிக்கொண்டார். வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பர் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தராததால் அவர் தப்பிவிட்டார்.

ஆன்டிபெல்லம் காலம் எங்கே முடிகிறது என்று காட்ட ‘லாங்வுட்’ வீட்டைவிடப் பொருத்தமானது எதுவும் இல்லை. ஹாலர் நட் என்ற பெரும் பண்ணையாருக்காக ஃபிலடெல்ஃபியாவின் சாமுவேல் ஸ்லோன் வரைந்த வீடு. எட்டுப் பட்டை வடிவம், உச்சியில் வெங்காய வடிவக் குவிமாடம், 32 அறைகள். 1860-இல் வேலை ஆரம்பித்தது. வெளிச்சுவரும் குவிமாடமும் எழும்பிய நிலையில் 1861-இல் போர் வந்தது. வடக்கிலிருந்து வந்திருந்த கைவினைஞர்கள் கருவிகளைப் போட்டது போட்டபடி விட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். முடிந்தது அடித்தளத்தின் ஒன்பது அறைகள் மட்டும். 1864-இல் நட் இறந்தார். குடும்பம் பல பத்தாண்டுகள் அந்த அடித்தளத்திலேயே வாழ்ந்தது. இன்றும் படியேறி மேலே போனால் பூசாத செங்கல்லும் வெற்று உத்தரங்களும்தான். ஆன்டிபெல்லம் வீடு எப்படிக் கட்டப்பட்டது என்று தோலுரித்துப் பார்க்க வேண்டுமானால் இங்கே போகலாம். உள்ளே காரை மறைக்காத மாளிகை.

(அதே போரால் நம் கரிசல் காட்டுப் பருத்திக்கு வந்த மவுசும் நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் பருத்தி நின்றுபோனதும் இங்கிலாந்து ஆலைகள் இந்தியப் பருத்திக்கு அலைந்தன. திருநெல்வேலிச் சீமைப் பருத்தியின் விலை சில வருஷம் எகிறியது. போர் முடிந்ததும் விலை மறுபடி இறங்கிவிட்டது.)

மற்ற வீடுகள் எப்படித் தப்பின? 1862-இல் வடக்கின் கடற்படை வந்தபோது நாச்செஸ் பெரிதாக எதிர்க்காமல் பணிந்துவிட்டது. ஆற்றின் மேல்பக்கம் இருந்த விக்ஸ்பர்க் நகரம் அடுத்த வருஷம் 47 நாள் முற்றுகையில் நொறுங்கியது. நாச்செஸுக்கு அந்தக் கதி வரவில்லை. அடிமைச் சந்தையின் கொட்டகைகளைத்தான் 1863-இல் வந்த வடபடை பிரித்துப்போட்டது. அதற்குப் பிறகு வீடுகளைக் காப்பாற்றியது வறுமை என்பேன். பழையதை இடித்துப் புதுப் பாணியில் கட்ட யாரிடமும் காசு இல்லை. பிறகு பருத்திக் காயைத் துளைத்து அழிக்கும் கூன்வண்டும் பொருளாதார மந்தமும் மிச்சத்தையும் துடைத்தன. 1932-இல் ஊர்த் தோட்டச் சங்கத்துப் பெண்கள் வீடுகளைத் திறந்து, குடைபோல விரிந்த பாவாடை கட்டி, கட்டணம் வாங்கிச் சுற்றிக்காட்டத் தொடங்கினார்கள். ‘யாத்திரை’ என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். அந்தக் காசில்தான் பல கூரைகள் ஒழுகாமல் நின்றன. அவர்கள் சொன்ன கதையில் முன்வாசல் மட்டும்தான் இருந்தது. 1988-இல் தேசிய வரலாற்றுப் பூங்கா அமைந்தது. மெல்ரோஸும் ஜான்சன் வீடும் அதில் சேர்ந்தன. அடிமைச் சந்தை இருந்த இடம் முறைப்படி சேர 2021 ஆனது.

கடைசியாக ஒரு வீடு. ‘கான்கார்ட்’, ஸ்பானிய ஆளுநர் மானுவேல் கயோசோவுக்காக 1790-களில் கட்டியது. நாச்செஸின் பழைய பெருமைகளில் ஒன்றாக இருந்து, 1901-இல் எரிந்துபோனது. பின்னால் தள்ளி, அடிமைகள் குடியிருந்த செங்கல் கட்டடம் இருந்தது. தீ அங்கே வரவில்லை. இன்று கான்கார்டைப் பார்க்கப் போகிறவர்கள் பார்ப்பது அதைத்தான்.